மலையாண்டி ஏற்றிய லோடு

சவரியப்பன் முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். கல் லாரி, மணல் லாரி, பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் எல்லாம் அவர் கை பட்டவை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மருமகன் என்ன செய்கிறான் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆனதும் ஒரு முழ நீளப் பொம்மை லாரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கூட்டுறவு வங்கியில் உத்தியோகம், முப்பத்தாறு வயசு, முன்தலையில் வழுக்கை. கையில் ரிமோட்!

பொம்மை என்று சொன்னால் மட்டும் ஜெபக்குமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். "பொம்மை இல்ல மாமா, ஆர்.சி. டிரக்" என்பான். என்ன எழவோ. அதற்குக் கொட்டிய காசுக்கு ஒரு கறவை மாட்டை வாங்கிக் கட்டியிருந்தால் வீட்டில் மோராவது மிஞ்சியிருக்கும் என்பது சவரியப்பனின் கணக்கு. அன்னவாசலுக்கு வெளியே, கல்லை வெட்டி முடித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன ஒரு பழைய குவாரி இருக்கிறது. அங்கேதான் இந்தக் கூட்டம் கூடும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், செல்போன் கடைக்காரர் ஒருவர், இன்னும் நாலைந்து பேர். அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். பாறைமேல் பொம்மையை ஏற்றி, அது கவிழ்ந்தால் "அய்யய்யோ" என்று ஓடுவதும், ஏறிவிட்டால் கைதட்டுவதும்தான் வேலை. இதற்குக் கிளப் என்று பெயர் வேறு.

சவரியப்பன் இதிலெல்லாம் தலையிட்டதில்லை. வாசலில் மருமகன் பொம்மைக்குத் திருகாணி முடுக்குவதைப் பார்த்தால் வாயைக் கோணிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அவரைக் குவாரிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது ஒரு பெயர்.

மகள் ஷர்லி ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஒங்க மாப்பிள்ளை வண்டி இப்பல்லாம் கவுர்றதே இல்ல, தெரியுமா? குவாரியில வாட்ச்மேனா ஒருத்தரு இருக்காரு. அவருதான் எல்லா வண்டிக்கும் எடை பார்த்துச் சரி பண்ணிக் குடுக்குறாரு."

"எவன் அவன்?"

ஷர்லி கொஞ்சம் தயங்கினாள். "அதாம்ப்பா, மலையாண்டி. முன்னாடி நீங்க ஓட்டுன லாரியில லோடு ஏத்துனாருல்ல."

சவரியப்பன் பிசைந்த கவளம் தட்டிலேயே கிடந்தது.

"இன்னொண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. கிளப்புல சந்தோஷ்னு ஒரு பையன். அவுங்க அப்பா புதுசா குவாரி எடுத்திருக்காரு. லோடிங் மேஸ்திரியா மலையாண்டிய வச்சுக்கலாம்னு இருக்காங்களாம். அடுத்த ஞாயித்துக்கிழமை முடிவு சொல்லிருவாங்க. பாவம்ப்பா, பழசை விட்ருவோம்."

"பாவமா? வண்டியைக் கவுத்தவனுக்கு மேஸ்திரி வேலையா?" என்று ஆரம்பித்தவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை ஓயவில்லை.

அந்தக் கதையை ஊரில் கேட்காதவர்கள் கிடையாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், வேலிக்கு ஊன்றுகிற கல்லுக்கால் நூற்றிருபது, பத்து டன் பாரம், ஏற்றிக்கொண்டு கொடும்பாளூர் சாலையில் வந்தபோது, இடதுபக்க வளைவு ஒன்றில் சவரியப்பன் ஓட்டிய லாரி வலதுபக்கமாகக் கவிழ்ந்தது. சவரியப்பனுக்குச் சிராய்ப்புதான். லோடுமேல் உட்கார்ந்து வந்த மலையாண்டியின் இடதுகால் கல்லுக்கால்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஓட்டியவர் மேல் தப்பா, ஏற்றியவன் மேல் தப்பா என்று விசாரித்தார்கள். சவரியப்பன் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார், அடுக்கினவன் சரியாக அடுக்கவில்லை, வளைவில் லோடு நகர்ந்துவிட்டது என்று. அவருக்கு இருந்த பெயருக்கு அது போதும். மலையாண்டிக்கு நஷ்டஈடு கிடையாது. முறிந்த கால் குட்டையாகக் கூடியதோடு, எந்தக் குவாரியிலும் அவனை லோடு பக்கம் அண்டவிடவில்லை. நுங்கு விற்றான், பிறத்தியார் ஆடு மேய்த்தான். கடைசியில், திருடுவதற்கு ஒன்றுமே இல்லாத இந்தக் குவாரிக்குக் காவல்காரன் ஆனான்.

இப்போது அவன் மறுபடியும் லோடு ஏற்றப் போகிறானாம். அவன் மேஸ்திரி ஆனால் ஊர் என்ன பேசும்? அப்படியென்றால் அன்றைக்குத் தப்பு யார்மேல் என்று எவனாவது வாயைத் திறப்பானா மாட்டானா? சவரியப்பனுக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளை வேட்டி சட்டையோடு மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு நேரே குவாரிக்குப் போனார். அங்கே கண்ட காட்சி அவருடைய இளக்காரத்துக்குத் தீனி போட்டது. மலையாண்டி தரையில் குந்தியிருந்தான். முன்னால் ஒரு பென்சிலைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பொம்மை லாரியை நிறுத்தி, முன்பக்கம் தாழ்கிறதா பின்பக்கம் தாழ்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரெண்டு சமையல் தராசு. இடதுபக்கச் சக்கரமெல்லாம் ஒரு தராசில், வலதுபக்கச் சக்கரமெல்லாம் இன்னொன்றில் ஏற்றி எடை பார்க்க. டயர் கடையில் சக்கரத்தில் ஒட்டுவார்களே, அந்த ஈயத்துண்டுகள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கிடந்தன. வாத்தியார் கைகட்டிக்கொண்டு நின்றார். படித்த மனுஷன், வாத்தியார், கைகட்டிக்கொண்டு!

அது செல்போன் கடைக்காரரின் வண்டி. வண்டியா அது? கூரைமேல் நாலு ஏர்ஹாரன், ஒரு ஏணி, ஸ்டெப்னி, வரிசையாக விளக்கு, 'காளியம்மன் துணை' என்று ஒரு போர்டு. தேர் தோற்றது.

"மேல இருக்கிறதை எல்லாம் கழத்துங்க" என்றான் மலையாண்டி.

"அது அழகுக்கு வச்சதுண்ணே."

"அழகு கூரையில இருந்தா வண்டி குப்புறத்தான் கெடக்கும். பேட்டரியையும் மேல வச்சிருக்கீங்க. கீழ, சேஸிஸ் நடுவுல எறக்குங்க. இந்த ஈயத்தை முன் அச்சுக்கிட்ட ஒட்டுங்க. மேடு ஏறுறப்ப மூக்கைத் தூக்காது. எடையைக் கூட்டிக்கிட்டே போகாதீங்க, இருக்கிற எடைக்கு எடத்தை மாத்துங்க."

கடைக்காரர் காதைக் கழற்றிக் கொடுப்பதுபோல மனசில்லாமல் ஒவ்வொரு ஹாரனாகக் கழற்றினார். பேட்டரி கீழே இறங்கியது. அரைமணி நேரமாக மல்லாந்து மல்லாந்து விழுந்த வண்டி, இப்போது உர்ரென்று உறுமிக்கொண்டு சரிந்த பாறையில் ஏறி, மேலே போய் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். மலையாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த வண்டியைக் கையில் எடுத்துவிட்டான்.

"ஆகா, ஆகா" என்று சவரியப்பனும் கைதட்டினார். அந்தக் கைதட்டலில் இருந்த எகத்தாளத்தைக் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். "நெச லாரியைக் கவுத்துட்டு வந்து பொம்மை லாரியை நிமித்துறாரு. பெரிய இஞ்சினியருதான்."

மலையாண்டி நிமிர்ந்து பார்த்தான். "வாங்க டிரைவரே" என்றான். அவ்வளவுதான்.

சந்தோஷ் இருபத்தெட்டு வயசுப் பையன், மரியாதை தெரிந்தவன். "ஐயா, ஜெபக்குமார் அண்ணன் மாமாவா? உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நான் உக்கார வரல தம்பி. இந்த ஆளையா ஒங்க குவாரிக்கு மேஸ்திரியா வைக்கப் போறீங்க? இவன் அடுக்குன லட்சணத்துல என் வண்டி கவுந்துச்சு. என் சர்வீஸ்ல அது ஒண்ணுதான், வேற ஒரு கீறல் கெடையாது. கல்லு லோடு ஏத்துறது சிரட்டையில ஈயம் வச்சு வெளையாடுற வேலையா? நாளைக்கு ஒங்க டிரைவர் ஒருத்தன் செத்தான்னா யாரு பதில் சொல்றது?"

சந்தோஷின் முகம் மாறியது. அவன் மலையாண்டியைப் பார்த்தான். "அண்ணே, இதை நீங்க சொல்லலையே."

"நீங்க கேக்கல தம்பி. கவுந்தது நெசம். நான் அடுக்குனதால கவுரல."

"பார்த்தீங்களா திமிரை!" என்றார் சவரியப்பன். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவன் மூக்கை அறுத்துவிட்டால் இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டான் அல்லவா? "சரிடா, நீதான் பெரிய வித்தைக்காரனாச்சே. அன்னைக்கு ஏத்துன மாதிரியே இந்தப் பொம்மையில ஏத்து. நான் ஓட்டிக் காட்டுறேன். எல்லாரும் பார்க்கட்டும்."

மலையாண்டி கையிலிருந்த வண்டியைக் கீழே வைத்தான். அப்புறம் "ஏத்துறேன்" என்றான்.

குவாரியில் கல் சில்லுக்கா பஞ்சம்? விரல் நீளச் சில்லுகளாகப் பொறுக்கி, ஜெபக்குமாரின் பத்துச் சக்கர லாரியில் அடுக்கினான். அடிவரிசை நெருக்கமாக, இடுக்கு இல்லாமல். அடுத்த வரிசை ஒன்று விட்டு ஒன்று தலைமாற்றி. பாதி எடை முன்பக்கம், கேபினை ஒட்டி. மேலே இரண்டு சுற்றுக் கயிறு. ஜெபக்குமார் சில்லுகளை நிறுத்துப் பார்த்திருந்தான், ரெண்டு கிலோ. "வண்டிக்கு இது சரியான பாரம்" என்றான்.

குவாரித் தரையில் சுண்ணாம்பால் போட்ட பாதையில், சரிவான பாறைமேல் ஓர் இடதுபக்க வளைவு இருந்தது. சவரியப்பன் ரிமோட்டை வாங்கினார். "பொடிப் பயலுக சமாச்சாரம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை முன்னே பின்னே ஓட்டிப் பழகினார். முப்பத்திரண்டு வருஷக் கை சும்மா சொல்லக்கூடாது, சட்டென்று பிடிபட்டுவிட்டது.

முதல் தடவை வளைவில் சாதாரண வேகத்தில் விட்டார். வண்டி திரும்பிப் போய்விட்டது. சரி, வேகம் போதவில்லை. இரண்டாவது தடவை முடுக்கினார். வண்டி லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, போய்விட்டது. மூன்றாவது தடவை வளைவுக்குள் வெடுக்கென்று ஒடித்தார். எந்தப் பைத்தியக்காரனும் ரோட்டில் அப்படி ஒடிக்க மாட்டான். சக்கரம் சறுக்கியதே தவிர வண்டி கவிழவில்லை. லோடு ஒரு சில்லுகூட நகரவில்லை. நாலு, ஐந்து, ஆறு. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய, அறுபது தாண்டிய மனுஷன் ஒரு பொம்மையைக் கவிழ்ப்பதற்கு அந்த வெயிலில் படாத பாடு பட்டார். எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"இவன் இப்ப சரியா அடுக்கிட்டான்" என்றார் மூச்சு வாங்க. "அன்னைக்கு இப்படியா அடுக்குனான்?"

"இப்படித்தான்" என்றான் மலையாண்டி.

சந்தோஷ் ஒன்றும் தெரியாதவனாகத்தான் கேட்டான். "ஐயா, அன்னைக்கு வண்டியில கல்லுக்கால் மட்டும்தானா? வேற எதுவும் இருந்துச்சுங்களா?"

சவரியப்பன் வாயைத் திறப்பதற்குள் ஷர்லி முந்திக்கொண்டாள். பெருமை அவளுக்கு. "எங்க ஊரு அந்தோணியார் கோயில் கல்லு இருந்துச்சே! கொடிமரத்து அடிக்கல்லு. ரெண்டு டன்னு இருக்கும். அப்பாதான் கோயிலுக்குன்னு காசு வாங்காம ஏத்திட்டு வந்தாரு. வண்டி கவுந்து அந்தக் கல்லு வயல்ல போயி விழுந்துச்சு, ஒரு கீறல் இல்ல! அந்தோணியார் செஞ்ச புதுமை, அற்புதம்னு ஊரே சொல்லுச்சு. இன்னைக்கும் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடாம எங்க ஊருல யாரும்..."

அவள் பாதியில் நின்றாள். வாத்தியார் கேட்டார்: "கல்லு லோடுல எங்க இருந்துச்சும்மா?"

ஷர்லி அப்பாவைப் பார்த்தாள். "மேல" என்றாள், குரல் இறங்கி.

"மேலதான் இருந்துச்சு, அதுக்கென்ன இப்ப?" என்றார் சவரியப்பன். "அது கோயில் கல்லு. அந்தோணியார் கல்லு. அதால வண்டி கவுருமா? வாய் கூசாமப் பேசுறீங்க!"

இந்தப் பேச்சுதான் பதினாலு வருஷமாக அவரைக் காப்பாற்றியது. கவிழ்ந்த லாரியில் இருந்து கல் உடையாமல் பிழைத்தது புதுமை என்று கொண்டாடினார்களே ஒழிய, அந்தக் கல்லாலேயே லாரி கவிழ்ந்திருக்கும் என்று ஊரில் ஒரு ஜீவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தோணியார் பேரில் பழி போட எவனுக்குத் துணிச்சல் வரும்?

மலையாண்டி எழுந்து, காலை விந்தி விந்தி நடந்து போய், ஒரு கைக்கு அடங்குகிற கல்லாகப் பார்த்து எடுத்து வந்தான். தராசில் வைத்தான். நானூறு கிராம். பத்து டன்னுக்கு ரெண்டு டன் என்றால் ரெண்டு கிலோவுக்கு நானூறு. கணக்கு சரி. "வைக்கவா டிரைவரே?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சவரியப்பனுக்கு அந்த நேரத்திலும் வீம்பு விடவில்லை. "வையி. நான் ஓட்டுறேன், கவுராது" என்றார்.

மலையாண்டி கல்லைச் சில்லுகளின் மேலே, பின்பக்கமாக வைத்துக் கயிறு போட்டான். இப்போது சவரியப்பன் ஓட்டிய ஓட்டே வேறு. சற்று முன்னால் வெடுக்கென்று ஒடித்த அதே கை, இப்போது பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல அந்த வண்டியை வளைவுக்குக் கொண்டு போனது. வேகத்தைக் குறைத்தார். அகலமாகத் திருப்பினார். முப்பத்திரண்டு வருஷம் கற்றது அத்தனையையும் அந்த ஒரு திருப்பத்தில் இறக்கினார். கவிழக்கூடாது, கவிழக்கூடாது என்று உதடு முணுமுணுத்ததை ஷர்லி பார்த்தாள்.

வளைவின் நடுவில் வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. இடதுபக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஒரு நொடி அப்படியே நின்று, பொத்தென்று கவிழ்ந்தது. சில்லுகள் சிதறின. கல் தனியாக உருண்டு போய் நின்றது. அதில் ஒரு கீறல் இல்லை.

யாரும் "அய்யய்யோ" என்று ஓடவில்லை.

"இதெல்லாம் பொம்மை" என்றார் சவரியப்பன். "பொம்மையை வச்சு..."

"அப்பா" என்றாள் ஷர்லி. "அந்தக் கல்லை மேல வைக்கச் சொன்னது யாரு?"

"கோயில் வாசல்ல முதல்ல எறக்க வேண்டியது அதுதானே? முதல்ல எறக்குறதை மேலதானே ஏத்தணும்? அடியில போட்டா கல்லுக்கால் அத்தனையும் எறக்கி..." என்று தொழில் புத்தியில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனவர், என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்து, நிறுத்தினார். சொன்னது சொன்னதுதான். அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது.

"அடியில, நடுவுல போட்டுருவோம்னு சொன்னேன் தாயி" என்றான் மலையாண்டி ஷர்லியிடம். "எறக்கி ஏத்த ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள பூசை முடிஞ்சு சனம் கலைஞ்சிரும்னாரு. சனம் பார்க்க வந்து எறங்கணும் அவருக்கு. நான் கல்லைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். வேற ரெண்டு பேரை வச்சு கிரேன்ல தூக்கி ஏத்துனாரு."

"அப்பவே ஏன் சொல்லல நீங்க?"

"சொல்லாம இருப்பேனா? போலீசுக்கிட்ட சொன்னேன். லாரி ஓனருக்கிட்ட சொன்னேன். ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு ஒங்க கோயில் சாமியாருக்கிட்ட ஆள் விட்டுச் சொன்னேன். காலு போனதும் புத்தியும் போயிருச்சா, கோயில் கல்லு மேல பழி போடுறியேன்னு கேட்டுவிட்டாங்க."

ஷர்லி அப்பாவைப் பார்த்த பார்வையை அவர் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தார். வாரம் முழுவதும் மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனை வசவும் இப்போது ஒன்றுக்கும் உதவவில்லை. எதையாவது சொல்லி இதை முடித்துவிட வேண்டும், மகள் கண்ணில் கொஞ்சமாவது மரியாதை மிஞ்ச வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு சந்தோஷ் பக்கம் திரும்பினார்.

"சரி தம்பி. ஆனது ஆயிப்போச்சு. இவனையே வச்சுக்குங்க. நான் சொல்றேன், நல்லா லோடு ஏத்துவான்."

பார்த்தீர்களா? ஒருவன் பிழைப்பைப் பதினாலு வருஷம் பிடுங்கி வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது தானம் கொடுப்பதுபோலக் கொடுக்கிறார். அப்போதும் 'அவன்', 'இவன்'தான்.

மலையாண்டி கவிழ்ந்த லாரியை நிமிர்த்தி, சக்கரத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்தான். "இவரு வாயால வர்ற வேலை எனக்கு வேணாம் தம்பி" என்றான். "வண்டி ஓடுனதைப் பார்த்துட்டுக் குடுக்குறீங்கன்னா திங்கக்கிழமை காலையில வாரேன்."

"வண்டியைப் பார்த்துத்தாண்ணே" என்றான் சந்தோஷ்.

"அப்பச் சரி."

மலையாண்டி மறுபடியும் குந்தி உட்கார்ந்தான். வாத்தியார் தன் வண்டியை நீட்டினார். எல்லாரும் அவனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஷர்லியும் அங்கேதான் போய் நின்றாள். சவரியப்பன் ஒற்றை ஆளாக வெயிலில் நின்றார். அவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெபக்குமார் மட்டும் கிட்டே வந்து கையை நீட்டினான். "ரிமோட்டைக் குடுங்க மாமா, அடுத்த ஆளு நிக்குறாரு."